வடிவின் இடது தோள்

ஜூன் 3, செவ்வாய்

கிளினிக் கதவைத் திறக்கும்போதே நல்லெண்ணெய் வாடை. யார் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. கோச் ஞானதுரை. மகளிர் கல்லூரியில் தடகளப் பயிற்சி கொடுக்கிறவர். எந்தப் பிள்ளைக்கு எங்கே வலித்தாலும் முதலில் எண்ணெய் தேய்க்கச் சொல்வார், அப்புறம் சுடுதண்ணி ஒத்தடம், எல்லாம் முடிந்து ஒன்றும் நடக்காத பிறகு பாளையங்கோட்டையில் உலகம்மை என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாள் என்பது ஞாபகத்துக்கு வரும். மனிதரின் அகராதியில் தசை கிடையாது, மூட்டு கிடையாது. எல்லாமே நரம்பு. எல்லா நரம்பும் பிசகும்.

"மேடம், பிள்ளைக்கு வலது தோள்ல நரம்பு பிசகிருக்கு. லேசா எடுத்துவிட்டா போதும்."

"நரம்பு பிசகாது சார். உங்க பயிற்சிதான் பிசகியிருக்கும்."

சிரிக்கிறார். இந்த ஊரில் யாரைத் திட்டினாலும் சிரிக்கிறார்கள்.

பிள்ளையின் பெயர் சுடலைவடிவு. வடிவு என்று கூப்பிடுகிறார்கள். இருபது வயது, கடைசி வருஷம், ஈட்டி எறிகிறாள். திசையன்விளைப் பக்கம். ஆகஸ்ட் கடைசியில் ஒரு அரசுத் துறை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறது. தென்மாவட்டத் தேர்வு நம்ம ஊர் ஸ்டேடியத்தில்தான். அதில் எறிந்து தேறினால் வேலை. அடுத்த முறை எப்போது எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கல்லூரி முதல்வர் கொஞ்சம் விவரமானவர். இந்த உலகம்மை, அதாவது நான், கையெழுத்துப் போட்ட உடல்தகுதிச் சான்று இல்லாமல் அடிபட்ட எவளையும் மைதானத்துக்கு அனுப்புவதில்லை என்று வைத்திருக்கிறார். இந்தக் கல்லூரியில் எனக்குப் பிடித்த ஒரே சட்டம்.

படுக்கையில் உட்கார்ந்ததும் அவள் ஆரம்பித்தாள். "மேடம், ஈட்டிய பின்னால கொண்டு போகையில சுருக்குன்னு..."

"நான் கேட்டனா? வாய மூடிட்டு கையத் தூக்கு."

விளையாட்டுக்காரர்கள் வலியைப் பற்றிச் சொல்வதை நான் காதில் வாங்குவதில்லை. போட்டி வந்தால் வலி இல்லை என்பார்கள். காலை ஓட்டம் இருந்தால் வலிக்கிறது என்பார்கள். நான் நம்புவது எண்களை. உள்ளங்கையில் அடங்குகிற கருவி ஒன்று வைத்திருக்கிறேன். அதை எதிர்த்து அமுக்கினால் எத்தனை கிலோ என்று காட்டும். முழங்கையை மடித்து, கையை வெளிப்பக்கமாகத் தள்ளச் சொன்னேன். இடது பதினான்கு. வலது ஒன்பது. எறிகிற கை மற்றக் கையைவிடக் கொஞ்சம் பலமாகவே இருக்க வேண்டும். இவளுக்கோ மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. எறிந்த வேகத்தில் பறக்கிற கையைப் பிடித்து நிறுத்துவது இந்தப் பின்பக்கத் தசைகள்தான். அவை சோர்ந்து கிடக்க இவள் எறிந்துகொண்டே இருந்தால் ஒரு நாள் தசைநார் அறுந்து கையோடு வரும். அப்புறம் ஆபரேஷன், அப்புறம் ஈட்டியைக் கொடிக்கம்பாக வைத்துத் துணி காயப்போடலாம்.

கையை உள்பக்கம் திருப்பச் சொன்னால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. முதுகுப் பக்கத் தோள்பட்டை எலும்பு கீல் கழன்ற கதவு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஒற்றைக் காலில் நின்று குனியச் சொன்னேன். சாய்ந்துவிட்டாள். ஞானதுரைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"தோளுக்குக் கூட்டியாந்தா ஒத்தக் கால்ல நிக்கச் சொல்லுதீங்களே மேடம்!"

"ஈட்டி பாதத்துல இருந்து கிளம்புது சார். கால், இடுப்பு, முதுகு எல்லாம் சும்மா நின்னா தோள் ஒண்டியா சுமக்குது. அது பிசகாம என்ன செய்யும்?"

அவருக்குப் புரிய வேண்டுமே என்று என் இரண்டு கைகளையும் தராசுத் தட்டு மாதிரி நீட்டிக் காட்டினேன். இது இடது, இது வலது. வலது, இடதுக்குப் பத்தில் ஒன்பது பங்காவது வந்தால்தான் கையெழுத்து. அதுக்குக் கீழே ஒரு இம்மி குறைந்தாலும் முதல்வரே வந்து கேட்டாலும் கிடையாது. ஞானதுரை தலையாட்டினார். அந்தப் பிள்ளை என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. மாடு புது வாசலைப் பார்ப்பதுபோல. ஒன்றும் ஏறியிருக்காது.

ஜூன் 5, வியாழன்

வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. மெக்கானிக் நாளை வருகிறேன் என்றான். அவனுடைய நாளை எனக்குத் தெரியும்.

ஜூன் 11, புதன்

ஞானதுரை என்னிடம் சொல்லாமல் வடிவை ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டி எம்.ஆர்.ஐ. எடுத்து வந்திருக்கிறார். மூட்டைச் சுற்றியிருக்கிற குருத்தெலும்பு வளையத்தில் கிழிசலாம். துளை போட்டுத் தைத்துவிடலாமாம். டாக்டர் பிள்ளையின் கையைத் தொட்டே பார்க்கவில்லை. படத்தைத்தான் தொட்டுப் பார்த்திருக்கிறார். இருபது வயதில் இத்தனை வருஷம் எறிந்த யாரைப் படம் எடுத்தாலும் ஏதாவது கிழிந்துதான் இருக்கும். பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாமல் பதக்கம் வாங்கிக்கொண்டிருப்பார்கள். கத்தி வைத்திருப்பவனுக்குக் கண்டதெல்லாம் கத்தரிக்காய்.

படத்தை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். ஒருக்களித்துப் படுத்து முன்கையை மெல்லக் கீழே அமுக்குவது. ரப்பர் பட்டையை இழுப்பது. குப்புறப் படுத்துக் கையை உயர்த்துவது. ஒற்றைக் காலில் நின்று குனிவது. வடிவு சொன்னதைச் சொன்னபடி செய்கிறாள். கேள்வி கேட்பதில்லை. மூளையைத் தொந்தரவு செய்யாத பிறவிகள்தான் உடற்பயிற்சிக்கு லாயக்கு. என் மற்ற நோயாளிகள், குறிப்பாக ஆசிரியைகள், ஒவ்வொரு பயிற்சிக்கும் காரணம் கேட்பார்கள், வீட்டில் ஒன்றையும் செய்யமாட்டார்கள்.

மெக்கானிக் இன்னும் வரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

அளந்தேன். வலது ஒன்பதரை. இடது பன்னிரண்டரை.

வலது ஏறியிருக்கிறது, ரொம்பக் கொஞ்சம். இடது எதற்குக் குறைந்தது? விடுதிச் சாப்பாடுதான், வேறென்ன. வார்டனுக்குப் போன் செய்தேன். "முட்டை வாரத்துல எத்தன நாள் போடுதீங்க?" என்றேன். "கவர்ன்மென்ட் சொன்னபடி" என்றாள். கவர்ன்மென்ட் ஈட்டி எறியப் போகிறதா என்று கேட்டேன். வைத்துவிட்டாள். ஒரு பிள்ளையின் தோளைத் தேற்றுவதற்கு நான் வார்டனோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

வீட்டில் ஒரு தோள் இருக்கிறது. என் கணவருடையது. வலது தோள் இறுகிப்போய் ஆறு மாதம் ஆகிறது. ஊரெல்லாம் என்னிடம் வந்து கையைத் தூக்கிக்கொண்டு போகிறது. இவர் மட்டும் சுவரில் விரலை ஏற்றும் பயிற்சியைக்கூடச் செய்வதில்லை. வங்கியில் கிளை மேலாளர். கையெழுத்துப் போடத் தோள் எதற்கு?

மெஷின் ரிப்பேர் ஆனதால் துணியைக் கையால் துவைத்து மாடிக் கொடியில் போட வேண்டியிருக்கிறது. இன்று காலை வாளியைக் கொடுத்தேன்.

"உலகு, இப்ப இடது தோளும் பிடிச்சிருக்கு."

"எங்க, தூக்குங்க பாப்போம்."

தூக்கினார். நான் மேலே கை வைத்து அமுக்கினேன். கொஞ்சம் தாங்கி, சட்டென்று விட்டுவிட்டார். சிரிப்புத்தான் வந்தது. நிஜமாகவே பலமில்லாத கை மெள்ள மெள்ளத் தணியும். நடிக்கிற கை தாங்கும், பிறகு திடீரென்று விடும். முதலாம் ஆண்டு மாணவிக்குத் தெரிந்த விஷயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார், அதுவும் பூசணிக்காய் விற்கிறவளிடம்.

வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். இரண்டு கையாலும்தான்.

ஜூலை 8, செவ்வாய்

நெல்லையப்பர் தேரோட்டம். கிளினிக்குக்கு ஒரு ஈ காக்கை இல்லை. நாளை மறுநாள் பார்க்க வேண்டும். வருஷம் முழுக்க மாடிப்படி ஏறாதவர்களெல்லாம் வடம் பிடித்துவிட்டு வரிசையில் நிற்பார்கள்.

ஜூலை 10, வியாழன்

நின்றார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

வடிவுக்கு இன்று எறியும் பயிற்சியைத் தொடங்கினேன். ஈட்டி இல்லை. சின்னப் பந்து, பக்கத்துச் சுவர், பாதி வேகம். தோளுக்குத் தைரியம் வர வேண்டும். முதலில் இரண்டு கையாலும், பிறகு ஒரு கையால். இடையில் ஒரு நாள் ஓய்வு. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. தோளுக்கு அதுவும் இல்லை.

ஞானதுரை ஓரமாக நின்று தாடையைச் சொறிந்துகொண்டு பார்த்தார். அப்புறம் மெதுவாக வந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. முழங்கை கீழ விழுது. பிள்ள பயந்துகிட்டு எறியுது. இன்னும் வலிக்கோ என்னமோ."

"உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

"பதினெட்டு வருசமா பாக்கேன்லா மேடம்."

"கண்ணுக்கு மூளை கிடையாது சார். கண்ண நம்பித்தான் மூணு வாரம் எண்ணெய் தேய்ச்சீங்க. இனிமே கருவி காட்டுற எண்ணப் பாருங்க, எண்ணு தப்பு சொல்லாது."

முகம் சுருங்கிப்போய்விட்டது. சுருங்கட்டும். அவர் கண்ணுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் எனக்கு எதற்குப் பட்டம்?

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைக்குத் தன்னைத் திருத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. முன்பு இறுகப் பின்னிக்கொண்டு வரும். இப்போது தலை வாருவதே இல்லை போலிருக்கிறது. இடக்கையால் சுருட்டி ஒரு கிளிப்பைச் சொருகிக்கொண்டு வந்து நிற்கிறது. வேலைக்கு எடுக்கிறவர்கள் பார்க்கிற முதல் பார்வை என்று ஒன்று இருக்கிறதல்லவா? சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டது.

ஜூலை 22, செவ்வாய்

மதுரையில் செப்டம்பரில் பிசியோதெரபி மாநாடு. என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இருபது வருஷமாகக் கீழே உட்கார்ந்து, தோளைத் தொட்டே பார்க்காத பேராசிரியர்கள் தோளைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு உறங்கியிருக்கிறேன். இப்போதாவது புத்தி வந்ததே.

வடிவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தலைப்பு: கத்தியில்லாமல் திரும்பிய ஈட்டி. அந்த எலும்பு டாக்டருக்கும் ஒரு அழைப்பிதழ் அனுப்பச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வலது ஒன்பது முக்கால். இடது பதினொன்றரை. நெருங்கிவிட்டது.

இடது இறங்குவதன் காரணமும் புரிந்துவிட்டது. நான்தான் அவளை ஜிம்முக்குப் போகாதே என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். பயிற்சி இல்லாத கை இறங்குகிறது, பயிற்சி கொடுத்த கை ஏறுகிறது. என் முறைக்கு இதைவிட நல்ல சாட்சி எது? மாநாட்டுக்கு இதை ஒரு வரைபடமாகப் போட்டுக் காட்டலாம். ஒரு கோடு இறங்க, ஒரு கோடு ஏற, இரண்டும் சந்திக்கிற இடத்தில் வட்டம்.

வார்டனைத் திட்டியது வீண். ஆனாலும் முட்டை போட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வலது பத்து. இடது பதினொன்று.

பத்தில் ஒன்பது பங்கு, கொஞ்சம் கூடவே. இரண்டாவது தடவையும் அளந்தேன், அதேதான். இடக்கையை அளக்கும்போது கொஞ்சம் தாங்கி, சட்டென்று விட்டாள். களைப்பு. காலையில் ஓடிவிட்டு வந்திருக்கிறாள். வலக்கையை முதலில் அளந்ததால் முகமெல்லாம் வேர்த்துப்போயிருந்தது. உள்பக்கத் திருப்பம் சரியாகிவிட்டது, தோள்பட்டை எலும்பு ஒட்டி நிற்கிறது, ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நிற்கிறாள். சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஞானதுரை கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க சொன்னா வேதவாக்கு மேடம்." போன மாதம்வரை முழங்கை விழுகிறது என்ற மனிதர்.

வடிவு சிரிக்கக்கூட இல்லை. சான்றை நீட்டினால் இடக்கையால் வாங்குகிறாள். மூன்று மாதம் உழைத்துக் கொடுத்த கையெழுத்தை இடக்கையால்! "வலது கை என்னத்துக்கு இருக்கு?" என்று கேட்டேன். சட்டென்று வலக்கையையும் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு வேறு. மரியாதை சொல்லிக் கொடுத்தால் கோபம் வருகிறது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாவு புளித்துவிட்டது. மாநாட்டுக்குப் புடவை எடுக்கப் போனேன். ஒன்றும் சரியில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சாயங்காலம் கிளினிக்கைச் சாத்தும் நேரத்தில் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. துருப்பிடித்து எத்தனை நாளாயிற்றோ. கணவர் வந்திருந்தார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், இருவரும் தொங்குகிறோம், அசையவில்லை. அந்த நேரம் வடிவு ரப்பர் பட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்.

"வெலகுங்க மேடம்."

எம்பி, ஷட்டரின் விளிம்பைப் பிடித்து, ஒரே இழுப்பு. கிறீச்சென்று தரைவரை வந்தது. இடக்கையால். ஒற்றை இடக்கையால். வலக்கை வயிற்றோடு ஒட்டி மடங்கியிருந்தது, அடிபட்ட கோழி இறக்கையை வைத்துக்கொள்ளுமே, அப்படி.

கணவர், "சபாஷ்" என்றார்.

அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பக்கவாசல் வழியாக அவளை உள்ளே கூட்டிப்போனேன். படுக்கையில் உட்கார வைத்தேன். கருவியை எடுக்கவில்லை. எடுக்க வெட்கமாக இருந்தது.

"இடது கைய அளக்கும்போது விட்டுக் கொடுத்தியா?"

ரப்பர் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைத்தான் கேக்கேன்."

"நீங்கதான மேடம் சொன்னீங்க, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரணும்னு. வலது ஏற மாட்டேன்னுட்டு. அதான் இடத எறக்கினேன்." தராசுத் தட்டு மாதிரி இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள், நான் காட்டியது போலவே. வலக்கை இடதின் உயரத்துக்கு வரவில்லை. "ஒரேயடியா எறக்கினா கண்டுபிடிச்சிருவீங்கன்னு கொஞ்சங் கொஞ்சமா எறக்கினேன்."

மாடு மாதிரி விழிக்கிறாள் என்று எழுதி வைத்திருக்கிறேன். மேலே இருக்கிறது. அதை அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும்.

"வலிக்கா?"

"இப்ப கேக்கீங்க."

"வடிவு, வலிக்கான்னு கேட்டேன்."

"மொத நாளே சொல்ல வந்தேன். வாய மூடுன்னீங்க. அப்புறம் நீங்க ஒரு நாளும் கேக்கல. நானும் சொல்லல. கேட்டிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன், அது வேற." தோளின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "தல வாரும்போது வலிக்கு. படுத்தா வலிக்கு. பந்து எறிஞ்ச அன்னிக்கெல்லாம் தூங்கல."

ஞாயிற்றுக்கிழமை தேர்வில் எறிந்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். படமே போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஒரு நாள்தான் மேடம். எறிஞ்சு வேலைல சேந்துட்டேன்னா அதுக்கப்புறம் தோள் அந்தா போகட்டும். ஆபீஸ்ல ஒக்காந்து ஃபைல் பாக்கதுக்குத் தோள் எதுக்கு? வேலை கெடைக்கலன்னா ஏப்ரலோட ஹாஸ்டல விட்டு எறங்கணும். எங்கம்மா கூட பீடி சுத்தணும். அதுக்குந்தான் கை வேணும்."

கோபம் வந்தது. என்னை ஏமாற்றிவிட்டாளே என்று அல்ல, இத்தனை எளிதாக ஏமாற்றிவிட்டாளே என்று.

ஆகஸ்ட் 23, சனி

இப்படி யோசித்தேன், எழுதிவிடுகிறேன். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. தோள் தாங்கினால் வடிவுக்கு வேலை, எனக்கு மதுரை. தாங்காவிட்டால் பயிற்சியாளர் அவசரப்படுத்தினார் என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. ஞானதுரை பேச்சை எவன் நம்பப்போகிறான்? காலையில் இரண்டு காபி குடிக்கும்வரை இப்படியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஞானதுரைக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"மேடம், பேப்பர்ல பத்துக்குப் பதினொண்ணுன்னு போட்டிருக்கே."

"அது தப்பு சார்."

"எண்ணு தப்பு சொல்லாதுன்னீங்க."

"அந்தப் பிள்ள ஷட்டர இழுத்தத என் கண்ணால பாத்தேன்."

"கண்ணுக்கு மூளை கிடையாதுன்னீங்களே மேடம்."

கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். மனிதர் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். மூன்று மாதமாக அவர் கண்ணைக் குருடாக்கியவள் நான். இப்போது என் கண்ணை நம்பு என்கிறேன்.

"சான்று பதிவு மேசைல கொடுத்தாச்சு மேடம். நான் போயி அது செல்லாதுன்னா, வேற பிள்ளைக்காக நான் வடிவ ஒதுக்குதேன்னு அங்க இருக்கவன் சொல்லுவான். சொன்னா நீங்கதான் வந்து சொல்லணும்." நிறுத்தினார். "அதுக்கு அந்த வேலை எவ்ளோ முக்கியம்னு உங்களுக்குத் தெரியும்லா?"

தெரியும் என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஸ்டேடியம். காலையிலேயே வெயில். பெண்கள் ஈட்டிக்கு முன்னால் நீளம் தாண்டுதல் நடந்துகொண்டிருந்தது. பதிவு மேசையில் தொப்பி வைத்த ஒரு அதிகாரி, பாதி இட்லியோடு. நான் எழுதிக்கொண்டு போன கடிதத்தைப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"நீங்களே ஃபிட்டுன்னு கொடுத்து நீங்களே இல்லங்கீங்க?"

"ஆமா. என் பரிசோதனை தப்பு."

"எப்பிடிங்க தப்பாகும்?"

"தப்பாகும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தால் வாய்விட்டே சொல்லியிருப்பேன். பேனாவை எடுத்து வடிவின் பெயர்மேல் கோடு போட்டார். இட்லியைத் தொடர்ந்தார்.

வடிவு மைதானத்தின் ஓரத்தில் கையைச் சுழற்றிச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். தலையை இறுகப் பின்னியிருந்தாள். யாரோ பின்னிவிட்டிருக்க வேண்டும். ஞானதுரை போய்ச் சொன்னார். அவள் ஈட்டியைத் தரையில் போடவில்லை, எறியவில்லை. அவர் கையில் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழுகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும்.

"நான் எறிஞ்சு கை போயிருந்தா ஒங்க பேரு கெட்டுரும். அதான வந்தீங்க?"

"உன் தோளுக்காக வந்தேன்."

"என் தோளு மூணு மாசமா ஒங்க கிட்டதான இருந்துச்சு."

"ஏட்டி, மேடத்துகிட்ட அப்படிப் பேசாத" என்றார் ஞானதுரை. அவர் குரலில் பலமில்லை. அவளை அழைத்துக்கொண்டு போனார். அங்கே ஈட்டிக்குப் பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அவள் சொன்னது பொய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மதுரைக்குப் போன் செய்து என் பேச்சை எடுத்துவிடச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். அவ்வளவு நேர்மைதான் இந்த வாரத்துக்கு முடிந்தது.

ஈட்டியில் தேறிய பெண் தென்காசிப் பக்கமாம். ஞானதுரை சொன்னார். வடிவு நன்றாக இருந்த காலத்தில் எறிந்த தூரத்தைவிட அது குறைவு என்றும் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். குத்திக்காட்ட வேண்டும் என்று நினைக்கிற ஆளும் இல்லை அவர், தெரிந்ததைச் சொல்லிவிடுவார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மின்வெட்டு. மூட்டுவலிக்காரர்கள் கையை முக்குகிற மெழுகுப் பாத்திரம் ஆறிப்போய், நோயாளிகள் திரும்பிப் போனார்கள். ஒரு ஆசிரியை எங்கே வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். நிறுத்தாமல் விட்டேன். மாமியாரில் தொடங்கித் தோளுக்கு வர அரை மணி நேரம் ஆனது. இதற்குத்தான் நான் கேட்பதில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

வடிவு வந்தாள். தனியாக. காத்திருக்கும் இடத்தில் தன் முறை வரும்வரை உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்ததும் வணக்கம் சொல்லவில்லை.

"வேற எடம் தெரியாது. அதான் வந்தேன்" என்றாள்.

உட்காரச் சொன்னேன். "எங்க வலிக்கு?" என்று கேட்டேன். சொன்னாள். சுருக்கமாக, வரிசையாக: எப்போது, எந்தக் கோணத்தில், எவ்வளவு நேரம், எறியும்போது எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் விடுகிறது. என் மாணவிகளில் ஒருத்திகூட இவ்வளவு துல்லியமாக ஒரு தோளை விவரித்ததில்லை. இவ்வளவும் ஜூன் மாதத்திலேயே அவளிடம் இருந்திருக்கிறது. எனக்கு அவமானமாக இருந்தது. இப்படி எழுதுவதற்கு வேறு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை.

என்னை அவள் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. எண்ணெய் வாடையோடு வந்து நிற்கிற ஞானதுரையை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படி.

நானாகக் கருவியை எடுக்கவில்லை. அவளே மேசையைப் பார்த்தாள்.

"அதையும் எடுங்க. மொதல்ல எடது."

முழங்கையை மடித்துத் தள்ளினாள். என் கை பின்னால் போயிற்று. படுக்கையின் விளிம்பில் இடுப்பை முட்டுக்கொடுத்து நிற்க வேண்டியிருந்தது. பதினான்கரை. வலது ஒன்பதரை. அதைத் தள்ளும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இந்த முறை மறைக்கவில்லை.

"பொங்கல் வரைக்கும் ஈட்டியத் தொடக் கூடாது" என்றேன். "இன்னும் நாலு மாசமாவது ஆகும்."

"தெரியும்" என்றாள் வடிவு. "எனக்கு அப்பவே தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியல."

எழுதிக்கொண்டேன்.